பேட்டர்ன ஒரு தடவ எழுதி பல மடங்கா பெருக்குறது: ஜிசிசி இட்டரேட்டரா, எல்எல்விஎம் மல்டிகிளாஸா?

கம்பைலர் பேக்எண்ட்ல (புரோகிராம ப்ராசஸருக்கு ஏத்த இன்ஸ்ட்ரக்ஷனா மாத்தற பகுதி) ஒரே மாதிரி இன்ஸ்ட்ரக்ஷன் நூத்துக்கணக்குல வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு விவரிப்பு, அதாவது பேட்டர்ன் வேணும், எல்லாத்தையும் கையால எழுதுனா ஒரு எடத்துல திருத்துனத இன்னொரு எடத்துல திருத்த மறந்து அதுவே ஒரு பிழையா வந்து நிக்கும். அதுக்குதான் டெம்ப்ளேட். ஜிசிசி, எல்எல்விஎம்னு ரெண்டு கம்பைலர எடுத்துக்குவோம்: ஜிசிசில எம்டி ஃபைலுக்குள்ள (இன்ஸ்ட்ரக்ஷன விவரிக்கிற ஃபைல்) இட்டரேட்டர், எல்எல்விஎம்ல டேபிள்ஜென்ங்கற மொழில மல்டிகிளாஸ், அதாவது ஒரு தடவ கூப்பிட்டா பல ரெக்கார்ட் குடுக்கற டெம்ப்ளேட். எதுக்கு பவர் ஜாஸ்தின்னு கேட்டா டேபிள்ஜென்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா என் ஓட்டு ஜிசிசிக்கு.

ஜிசிசி பக்கம் விஷயம் ரொம்ப சிம்பிள். 2005ல வந்த 4.0லயே இது இருக்கு, அப்போ மோட் மேக்ரோன்னு பேர், பின்னாடிதான் இட்டரேட்டர்னு மாத்துனாங்க. மோட் இட்டரேட்டர்னா டேட்டா டைப் மாறும், கோட் இட்டரேட்டர்னா ஆபரேஷன் மாறும், அவ்ளோதான். ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸருக்கான எம்டி ஃபைல்ல ஷிஃப்ட் எப்படி எழுதியிருக்குன்னு பாருங்க: எனி_ஷிஃப்ட்னு ஒரு கோட் இட்டரேட்டர், அதுக்குள்ள லெஃப்ட் ஷிஃப்ட், அரித்மெடிக் ரைட், லாஜிக்கல் ரைட்னு மூணு. பேட்டர்ன் பேர் <ஆப்டேப்>எஸ்ஐ3, அசெம்ப்ளி ஸ்ட்ரிங்ல <இன்சன்>னு ஒரு ஓட்டை, அந்த ஓட்டைல எஸ்எல்எல், எஸ்ஆர்ஏ, எஸ்ஆர்எல்னு ஒண்ணொண்ணா வந்து உக்காரும். மிச்ச வித்தியாசத்த பிரிண்ட் பண்ற நேரத்துக்கு தள்ளிவிட்டுருக்காங்க, அதாவது ரெண்டாவது ஆபரண்ட் (எவ்ளோ ஷிஃப்ட் பண்ணணும்ங்கற மதிப்பு) கான்ஸ்டன்ட்டா இருந்தா ஒரு 'ஐ' ஒட்டிக்கும், 64 பிட் டார்கெட்டா இருந்தா கடைசில ஒரு 'டபிள்யூ' ஒட்டிக்கும். கணக்கு போடுங்க, ஒரே என்ட்ரில 12 நெமானிக் (அசெம்ப்ளி இன்ஸ்ட்ரக்ஷன் பேர்) வந்துருச்சு, எழுதுனது சில வரிதான், முக்கியமா அந்த சில வரிய படிச்சாலே முழுசா புரியுது.

எல்எல்விஎம்ல இதே 12க்கும் 12 தனி ரெக்கார்ட் வேணும். அத குறையா சொல்ல முடியாது, ஏன்னா அங்க அசெம்ப்ளரும் டிஸ்அசெம்ப்ளரும் அதே டிடி ஃபைல்ல (டேபிள்ஜென் ஃபைல்) இருந்துதான் வருது, பிட் என்கோடிங் ஒவ்வொண்ணுக்கும் தனியா இருந்தே ஆகணும். ஜிசிசி டெக்ஸ்ட்ட துப்பிட்டு மிச்சத்த அசெம்ப்ளர் தலைல கட்டிரும், அதனால அதோட பேட்டர்ன் மெலிசா இருக்கு. இத மறந்துட்டு வரி எண்ணிக்கைய மட்டும் வச்சு ஒப்பிடுறவங்கள பாத்தா கொஞ்சம் கடுப்பா வரும்.

உண்மையான டெஸ்ட் எக்ஸ்86 ப்ராசஸரோட ஏவிஎக்ஸ்-512 வெக்டர் இன்ஸ்ட்ரக்ஷன்ல இருக்கு. அங்க ஏறக்குறைய எல்லா வெக்டர் இன்ஸ்ட்ரக்ஷனுக்கும் மாஸ்க் (எந்தெந்த எலமென்ட்ட கணக்குல சேக்கணும்னு சொல்ற பிட்டுங்க) போட்ட வடிவம் உண்டு, மாஸ்க் ஆஃப் ஆன எடத்துல பழைய மதிப்ப வச்சுக்கறது ஒண்ணு, ஜீரோ ஆக்கறது இன்னொண்ணு. எல்எல்விஎம் இத மல்டிகிளாஸ் அடுக்குல பண்ணுது. விஆட்ங்கற டெஃப்எம்ல (மல்டிகிளாஸ கூப்பிடற வரி) ஆரம்பிச்சு (0x58 ஆப்கோட அங்கதான் குடுக்கறாங்க), உள்ள போனா பிஎஸ்இசட், அதுக்குள்ள ஆர்ஆர், கடைசில ஏவிஎக்ஸ்512_மாஸ்கபிள்_கஸ்டம்னு ஒண்ணு வந்து வெறும் பேர், பேரோட 'கே', பேரோட 'கேஇசட்'னு மூணு ரெக்கார்ட் கக்குது. நீங்க ரெக்கார்ட் எல்லாத்தையும் விரிச்சு காட்ற டம்ப்ல விஆட்பிஎஸ்இசட்ஆர்ஆர்கேன்னு ஒரு பேர பாத்துட்டு அது எங்க டிஃபைன் ஆகுதுன்னு டிடி ஃபைல்ல தேடுனா அப்படி ஒரு டெஃப் வரியே இருக்காது, பேர் நாலு மாடில துண்டு துண்டா கெடக்கு, ஒவ்வொரு மாடியா எறங்கி எந்த பாராமீட்டர் எங்க போகுதுன்னு வெரல் வச்சு எண்ணிக்கிட்டே போகணும்.

ஜிசிசி இதுக்கு 2013ல 4.8ல டிஃபைன்_சப்ஸ்ட்னு ஒண்ண கொண்டு வந்துச்சு, இருக்கற பேட்டர்ன்ல இருந்து மாத்துன இன்னொரு வடிவத்த உண்டாக்கற வழி. பேட்டர்ன் பேர்ல <மாஸ்க்_நேம்>னு ஒட்டிவிட்டா போதும், அசல் ஒண்ணு, வெக்_மெர்ஜ்ல சுத்துன மாஸ்க் வடிவம் ஒண்ணுன்னு ரெண்டா பிரியும். மெர்ஜும் ஜீரோவும் ஒரே பேட்டர்ன்ல அடங்குது, கன்ஸ்ட்ரெயின்ட்லயே 'டெஸ்டினேஷன் ரிஜிஸ்டர் இல்லன்னா ஜீரோ கான்ஸ்டன்ட்'னு சொல்லிடறாங்க. அழகுதான். ஆனா நம்பர்ல மாட்டிக்குது: மாஸ்க் ஆபரண்ட் எத்தனாவதா வரும்ங்கறது அசல்ல எத்தன ஆபரண்ட் இருக்குங்கறத பொறுத்தது, சப்ஸ்ட்டுக்கு கூட்ட தெரியாது, அதனால மாஸ்க்_ஆபரண்ட்2, மாஸ்க்_ஆபரண்ட்3, மாஸ்க்_ஆபரண்ட்4னு தனித்தனியா எழுதி வச்சிருக்காங்க. அது மேல ரவுண்டிங் சப்ஸ்ட்டும் சேந்தா நம்பர் இன்னும் தள்ளும், அதுக்கு வேற செட். கூட்டல் கழித்தல் பேட்டர்ன் ஒண்ணுல ஆபரேஷன் 2, ஃப்ளோட் டபுள் மட்டும் எடுத்தா மோட் 6, மாஸ்க் 2, ரவுண்ட் 2, தியரிப்படி 48 வரும், எப்பவுமே பொய்யாகற கண்டிஷன் உள்ளத ஜிசிசியே கழிச்சுடும். இந்த ஒரு எடத்துல டேபிள்ஜெனும் சப்ஸ்ட்டும் சமமா தலவலிதான், யாருக்கும் மார்க் போட மாட்டேன்.

மூணாவதா ஒரு வழியும் இருக்கு, வெளிய ஸ்கிரிப்ட் எழுதி எம்டி ஃபைலையே ஜெனரேட் பண்றது. ஆர்ம் பேக்எண்ட்ல எல்டிஎம்எஸ்டிஎம்.எம்டின்னு ஒரு ஃபைல், ஓகேமல் மொழில எழுதுன புரோகிராம் துப்புனது, மேலயே கையால எடிட் பண்ணாதீங்கன்னு எழுதியிருக்கும். காரணம் நியாயமானதுதான்: பல ரிஜிஸ்டர ஒரே அடில லோட் பண்ற இன்ஸ்ட்ரக்ஷன்ல ஆபரண்டோட எண்ணிக்கையே ரெண்டு, மூணு, நாலுன்னு மாறுது, இட்டரேட்டரால டைப்ப மாத்த முடியும், பேட்டர்னோட நீளத்த மாத்த முடியாது. அந்த தேவை இல்லாதப்போ ஸ்கிரிப்ட் பக்கம் போகாதீங்க, ரிவ்யூ பண்றவருக்கு ஒரு வரி மாத்தம் நூறு வரி டிஃப்பா தெரியும், அந்த ஸ்கிரிப்ட் மொழி தெரிஞ்ச ஆளும் டீம்ல எப்பவும் இருக்கணும்.

தேடுற பிரச்சன ஜிசிசிலயும் உண்டு, எக்ஸ்86 எம்டி ஃபைல்ல ஆட்எஸ்ஐ3ன்னு தேடுனா டெஃபினிஷன் கெடைக்காது, ஆட்<மோட்>3ன்னுதான் இருக்கும். ஆனா அங்க ஒரே ஒரு படிதான், ரெண்டு நாள்ல கண்ணு பழகிடும். விரிச்சு பாக்கணும்னா மேக் எம்டிடம்ப், டேபிள்ஜென்ல பிரிண்ட்-ரெக்கார்ட்ஸ். எல்எல்விஎம்ல வேல பாக்கறவங்க இந்த ஆப்ஷன் இல்லாம வாழவே முடியாது.

அப்புறம் பில்ட் டைம். டெம்ப்ளேட் எழுத செலவு கம்மிங்கறதால மோட தாராளமா அள்ளி போடுவோம், ரிஸ்க்-ஃபைவ் வெக்டர்ல அது நல்லாவே தெரிஞ்சுச்சு, ஜெனரேட் ஆன இன்சன்-எமிட் ஃபைல் ஊதி போய் கம்பைல் பண்றதே பாரமாகி, ஜிசிசி 14ல அத துண்டா வெட்டுனாங்க, டிஃபால்ட்டா 10 துண்டு. அதனால இட்டரேட்டர்ல ஒரு மோட் கூட சேக்கறதுக்கு முன்னாடி அந்த இட்டரேட்டர எத்தன பேட்டர்ன் யூஸ் பண்ணுதுன்னு ஒரு கிரெப் போட்டு பாத்துட்டு சேருங்க.