சாக்சன்வோல்டா, ஸ்வார்ட்காப்பா, ரேண்டா? மூன்று விமானக் காட்சியகங்கள், ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவிலோ லோடியத்திலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், பழைய விமானங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று ஒரு நாளை ஒதுக்கினால், போவதற்கு மூன்று இடங்கள் உண்டு. ஜோகானஸ்பர்க் விலங்குக்காட்சிச் சாலையை ஒட்டிச் சாக்சன்வோல்டில் இருக்கும் டிட்சாங் தேசிய இராணுவ வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று. பிரிட்டோரியாவுக்குத் தெற்கே, லோடியத்துக்குப் பக்கத்திலேயே, ஸ்வார்ட்காப் தளத்தில் உள்ள தென்னாப்பிரிக்க விமானப்படை அருங்காட்சியகம் மற்றொன்று. ஜெர்மிஸ்டனின் ரேண்ட் விமான நிலையத்தில், பயணிகள் விமானங்களுக்கென்றே சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் அருங்காட்சியகச் சங்கத்தார் நடத்துவது மூன்றாவது. மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர் எதையும் உருப்படியாகப் பார்க்காமல் வீடு திரும்புவார் என்பதால், ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அந்தத் தேர்வு, ஒரு பழைய விமானத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சாக்சன்வோல்ட் அதைக் கூரைக்குக் கீழே அசையாமல் வைத்திருக்கிறது. ஸ்வார்ட்காப் முடிந்தவரை பறக்க வைக்கப் பார்க்கிறது. ரேண்ட் அதை வெட்டவெளியில் நிறுத்தி, ஏறிப் பாருங்கள் என்று படிக்கட்டைக் காட்டுகிறது.

சாக்சன்வோல்ட் அருங்காட்சியகம் 1947 ஆகஸ்டில் அன்றைய பிரதமர் ஸ்மட்ஸால் திறந்துவைக்கப்பட்டது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. ஐரோப்பாவில் கைப்பற்றப்பட்ட விமானங்கள் பழைய இரும்பாக உருக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, சில மட்டும் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தன. அந்தத் தற்செயலால்தான் இந்த நாட்டுக்கு வேறெங்கும் காண முடியாத ஒரு பொருள் கிடைத்தது. அது மெஸ்ஸர்ஷ்மிட் 262 விமானத்தின் இரட்டை இருக்கை இரவுப் போர் வகை. உடலில் சிவப்பு நிறத்தில் 8 என்ற எண் எழுதப்பட்டது. போரில் இறங்கிய முதல் ஜெட் போர் விமானமான 262, எல்லா வகைகளும் சேர்த்து ஏறக்குறைய 1,400 கட்டப்பட்டது; அவற்றில் ராடாரும் இரண்டாவது ஆளும் கொண்ட இரவு வகை மிகச் சிலவே. 1945 மே மாதத்தில் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் தளத்தில் பிரிட்டிஷாரிடம் சிக்கி, இங்கிலாந்தில் சோதிக்கப்பட்டு, 1947-இல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இந்த ஒன்றுதான் அந்த வகையில் உலகிலேயே மிஞ்சியிருப்பது. மூக்கின் முனையில் மான்கொம்பு போல் நீட்டிக்கொண்டிருக்கும் ராடார் கம்பிகளைப் பார்த்தவுடனே பிள்ளைகள் ‘இது என்ன?’ என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தயாராகப் போவது நல்லது.

அந்தக் கேள்விக்கான பதில் அதே அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது என்பதுதான் சாக்சன்வோல்டின் தனிச் சிறப்பு. பெர்லின் மீது இரவில் வந்து குண்டு போட்டுவிட்டுப் பிடிபடாமல் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் மாஸ்கிட்டோ விமானங்களை விரட்டுவதற்காகவே இந்த இரவு ஜெட்டுகள் முக்கியமாகப் பயன்படுத்தப்பட்டன. அங்கே மாஸ்கிட்டோவும் ஒன்று இருக்கிறது. ஒன்று வேட்டையாடியது, மற்றது வேட்டையாடப்பட்டது. இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் பாடம் வேறு எந்த இடத்திலும் கிடைக்காது. மாஸ்கிட்டோ மரத்தால் ஆனது. பால்சா மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகை ஒட்டிய உடல், நாற்காலி மேசை செய்துகொண்டிருந்த பட்டறைகளில்கூடப் பாகம் பாகமாகச் செய்யப்பட்டது. எதிரில் நிற்பதோ அன்றைய தொழில்நுட்பத்தின் உச்சம். ஆனால் நிக்கலுக்கும் குரோமியத்துக்கும் தட்டுப்பாடு நிலவிய நாட்டில் வார்த்தெடுத்த அதன் ஜெட் இஞ்சின்கள் பத்து முதல் இருபத்தைந்து மணி நேரம் ஓடினாலே பெரிது. அந்த ஜெட்டின் உடல்கள் வதைமுகாம் கைதிகளை வைத்து நிலத்தடிச் சுரங்கங்களில் கட்டப்பட்டன என்பதையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடக் கூடாது.

இங்குள்ள மாஸ்கிட்டோ குண்டு போடும் வகை அல்ல; படம் பிடிக்கும் வகை, தென்னாப்பிரிக்க விமானப்படையின் 60-ஆம் படைப்பிரிவுக்கு உரியது. இத்தாலியிலிருந்து பறந்த அந்தப் பிரிவின் மாஸ்கிட்டோ ஒன்றுதான் 1944 ஏப்ரல் 4 அன்று, பக்கத்து ரசாயன ஆலையைப் படமெடுக்கப் போன இடத்தில், ஆஷ்விட்ஸ் முகாமையும் தன்னை அறியாமலே படச்சுருளில் பதித்துக்கொண்டு திரும்பியது. படத்தைப் பார்த்தவர்கள் ஆலையைத்தான் தேடினார்கள். முகாமை எவரும் கவனிக்கவில்லை. இந்த ஒரு செய்தியை அந்த விமானத்துக்கு முன்னால் நின்று சொன்னால் போதும்.

இவை தவிர, 1940-இல் இங்கிலாந்து மண்ணில் விழுந்து, போர் நிதி திரட்டும் காட்சிப் பொருளாக இங்கே அனுப்பப்பட்ட மெஸ்ஸர்ஷ்மிட் 109, ஒரு ஃபோக்கே-வுல்ஃப் 190, ஹரிக்கேன், எட்டாம் மார்க் ஸ்பிட்ஃபயர், முதல் உலகப் போர்க்கால எஸ்.இ.5ஏ ஆகியவையும் உண்டு. பலர் பாராமல் கடந்துபோகும் ஹார்ட்பீஸ் என்ற இரட்டைச் சிறகு விமானத்தின் அருகில் நான் எப்போதும் சற்று நேரம் நிற்பேன். இங்கிலாந்தில் கட்டிய நான்கைத் தவிர, மீதி 65-உம் பிரிட்டோரியாவின் ராபர்ட்ஸ் ஹைட்ஸ் பட்டறையில் கட்டப்பட்டவை. 1940-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இத்தாலியர்களுக்கு எதிராகப் பறந்தவை. இன்று உலகில் எஞ்சியிருப்பது இது ஒன்றே.

சாக்சன்வோல்டில் குறை இல்லாமல் இல்லை. அருங்காட்சியகம் தரைப்படைக்கும் கடற்படைக்கும் சேர்த்தே அமைந்தது. டாங்கிகளும் பீரங்கிகளும் நெருக்கியடித்து நிற்க, விமானங்களின் முழு உருவத்தை ஒரே பார்வையில் காண இடம் போதாது. ஒரு சிறகைப் பார்க்க இங்கே நின்றால், வாலைப் பார்க்கச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நம்மவர்களுக்கு மற்றொரு நெருடலும் ஏற்படும். இரண்டாம் உலகப் போரில் இந்தியர் மலாய் படைப்பிரிவில் சேர்ந்த நம் தாத்தாக்களுக்குத் துப்பாக்கி தரப்படவில்லை. லாரி ஓட்டவும் சுமை தூக்கவும்தான் விட்டார்கள். விமானி இருக்கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த இல்லாமையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த விமானங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்வார்ட்காப் முற்றிலும் வேறு மாதிரி. 1920 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்க விமானப்படை அமைக்கப்பட்டது. அதன் முதல் தளம் இந்த ஸ்வார்ட்காப். 1973-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இன்றும் ஓடுபாதையை ஒட்டியே இருப்பதால், இங்கே மண்ணெண்ணெய் வாசமும் எண்ணெய்க் கறையும் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளைப் பார்க்கும் உணர்வு வராது. பழைய இஞ்சின்களை இயக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற தொழில்நுட்பர்கள் தன்னார்வலர்களாக வருவதால், கேள்வி கேட்டால் அரை மணி நேரம் நின்று பதில் சொல்வார்கள். காட்சியகம் என்ற அளவில் ஒழுங்கு குறைவுதான். ஹேங்கர்களுக்குள் விமானங்கள் வந்த இடத்தில் நிறுத்தியதுபோல் நிற்கும்.

இரண்டு இடங்களுக்கும் பொதுவான ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். ஸ்வார்ட்காப்பிலும் ஒரு ஸ்பிட்ஃபயர் உண்டு. ஒன்பதாம் மார்க், 5518 என்ற எண் கொண்டது, போருக்குப் பின் இங்கே வந்த 136 விமானங்களில் ஒன்று. 1990-களில் புதுப்பிக்கப்பட்டு, பறந்து, மக்களின் செல்லப் பிள்ளையாக இருந்த அந்த விமானம், 2000 ஏப்ரலில் அதே தளத்தில் பறந்துகொண்டிருந்தபோது இஞ்சின் கைவிட்டுக் கீழே இறங்கி நொறுங்கியது. விமானி பிழைத்தார். அதன்பின் அதைத் திரும்பக் கட்டும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. சாக்சன்வோல்டின் ஸ்பிட்ஃபயர் பறக்காது, உறுமாது, யாரையும் மெய்சிலிர்க்க வைக்காது. ஆனால் அதன் தகடும் திருகும் பழையபடியே இருக்கின்றன. பறக்கும் ஒவ்வொரு பழைய விமானமும் தேய்ந்த பாகத்தைக் கழற்றிப் புதிய பாகத்தை மாட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் எஞ்சுவது பழைய விமானமா, அதன் வடிவமா என்ற கேள்வி வந்துவிடும். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இஞ்சினின் முழக்கத்தைக் காதால் கேட்பது பெரிய அனுபவம் என்பதை நான் மறுக்கவில்லை. உலகில் ஒன்றே ஒன்று எஞ்சியிருக்கும் விமானத்தை எவராவது பறக்க வைக்கிறேன் என்றால் மட்டும் நான் கையைப் பிடித்துத் தடுப்பேன்.

ஸ்வார்ட்காப் சாக்சன்வோல்டை மிஞ்சுவது 1945-க்குப் பிந்தைய காலத்தில்தான். சாக்சன்வோல்டின் கதை ஏறக்குறைய உலகப் போருடன் நின்றுவிடுகிறது. இங்கே அது தொடர்கிறது. 1948-இல் வாங்கிய சிகோர்ஸ்கி எஸ்-51 ஹெலிகாப்டரை நான் முதலில் காட்டுவேன். அது போருக்காக வாங்கப்பட்டதல்ல. சூலுலாந்தில் மாடுகளைக் கொன்ற நகானா நோயைப் பரப்பும் செட்சி ஈயை ஒழிக்க மருந்து தெளிப்பதற்காக வாங்கப்பட்டது. சூலுலாந்துக்கு அருகே டொங்காட், ஸ்டேங்கர் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இந்த ஹெலிகாப்டர் எந்த ஜெட்டை விடவும் நெருக்கமானது. 1977-இல் ஐ.நா. ஆயுதத் தடை வந்தபின், புதிய விமானம் வாங்க வழியில்லாமல் பழைய மிராஜ் ஜெட்டைப் பிரித்து மாற்றி உருவாக்கிய சீட்டா போர் விமானமும், அலுவெட் ஹெலிகாப்டரின் பாகங்களைக் கொண்டு 1985-இல் பறக்கவிட்ட ஆல்ஃபா சோதனை ஹெலிகாப்டரும் அடுத்து வரும். இனவொதுக்கல் அரசு தனிமைப்பட்டபோது எப்படிச் சமாளித்தது என்பதை இந்த இரண்டும் சொற்களின்றிச் சொல்கின்றன. இந்த அருங்காட்சியகத்தின் கிளையான கேப் டவுன் யஸ்டர்பிளாட்டில் ஷேக்கிள்டன் 1722 என்ற கடற்காவல் விமானம் உண்டு. விடுமுறையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம், அதற்காகவே போக வேண்டியதில்லை.

ரேண்டுக்கு வருவோம். அங்கே போனதும் கண்ணில் படுவது போயிங் 747 ‘லெபொம்போ’. 1971-இல் இந்த நாட்டுக்கு வந்த முதல் ஜம்போ. 1995 ஜூன் 24 அன்று உலகக் கோப்பை ரக்பி இறுதி ஆட்டத்துக்கு முன் எல்லிஸ் பார்க் மைதானத்தின் தலைக்கு மேல் தாழப் பறந்து எல்லோரையும் நடுங்க வைத்ததும் இதுவே. 2004 மார்ச்சில், சிறிய விமானங்களுக்கென்றே அமைந்த, 15 மீட்டர் அகலமே உள்ள அந்த ஓடுபாதையில் இதை இறக்கியது தனிக் கதை. ஓரத்து இஞ்சின்கள் புல்வெளிக்கு மேல் தொங்கியபடியே வந்தன. பக்கத்திலேயே 747 எஸ்.பி. ‘மலூட்டி’ நிற்கிறது. சாதாரண ஜம்போவை விட 14 மீட்டருக்கு மேல் குட்டை. தோற்றத்தில் அழகில்லை, கழுத்தை அமுக்கிவிட்டது போல் இருக்கும். ஆனால் அரசியல் வரலாறு தேடுகிறவர் பார்க்க வேண்டியது இதைத்தான். 1963-இலிருந்து ஆப்பிரிக்க நாடுகள் சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் நிறுவனத்தின் விமானங்களைத் தம் வானில் விடவில்லை. கண்டத்தின் மேற்கு விளிம்பைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போக நீண்ட தூரம் பறக்கும் விமானம் தேவைப்பட்டது. அதற்காக வாங்கிய ஆறு எஸ்.பி. விமானங்களில் ஒன்று, 1976 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் அருகிலிருந்து கேப் டவுனுக்கு எங்கும் இறங்காமல் 17 மணி 22 நிமிடத்தில் வந்து சாதனை படைத்தது.

அந்த ஆண்டுகளில் நம் குடும்பங்கள் சென்னைக்குப் போன வழி வேறு. இந்தியா 1946-லேயே இந்த நாட்டுடன் வணிக உறவை முறித்துக்கொண்டதால், டர்பன் துறைமுகத்தில் ‘கரஞ்சா’, ‘கம்பாலா’ கப்பல்களில் ஏறிப் பம்பாய் போய், அங்கிருந்து ரயில் பிடித்தார்கள். ஆகவே மலூட்டியின் உள்ளே அந்த அகன்ற இருக்கைகளைப் பார்க்கும்போது ஒரு பாட்டிக்கு, நான் இதில் போகவே இல்லையே என்றுதான் தோன்றும். விமானி அறை வரை ஏறிப் பார்க்க முடிவதால் பிள்ளைகளுக்கு மூன்றிலும் மகிழ்ச்சி தரும் இடம் இதுதான். பாதுகாப்பு என்று பார்த்தால் கடைசி இடம்: ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் வெயிலும் ஆலங்கட்டி மழையும் வர்ணத்தையும் ஜன்னல் ரப்பரையும் தின்றுகொண்டே இருக்க, அவ்வளவு பெரிய உடலுக்குக் கூரை போட எந்தச் சங்கத்தால் முடியும்?

ஒருமுறைதான் போக முடியும் என்கிறவருக்கு என் பதில் சாக்சன்வோல்ட். மற்ற இரண்டிலும் உள்ளவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இணையானவை உலகில் வேறெங்காவது இருக்கும், சிவப்பு எட்டுக்கும் ஹார்ட்பீஸுக்கும் கிடையாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்றால் ரேண்ட். லோடியத்தில் இருப்பவர்கள் ஸ்வார்ட்காப்புக்கு எப்போது வேண்டுமானாலும் போய்வரலாம் என்பதால் அதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

டர்பன் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் மட்டும் ஸ்வார்ட்காப்பையே தேர்ந்தெடுக்கலாம். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் வளர்ந்தவர்கள், காங்கெல்லாவில் விரிகுடாத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கிய சண்டர்லாண்ட் கடல் விமானங்களை நினைவில் வைத்திருப்பார்கள். 1957 வரை 35-ஆம் படைப்பிரிவு அவற்றை ஓட்டியது. அவற்றில் ஒன்றுகூட இந்த நாட்டில் மிஞ்சவில்லை. அதே பிரிவு அதன்பின் ஓட்டிய ஷேக்கிள்டன் ஒன்று ஸ்வார்ட்காப்பில் நிற்கிறது. அதன் வயிற்றுக்குக் கீழே நிழலில் ஒரு நாற்காலி போட்டுப் பெரியவரை உட்கார வைத்தால், மீதிக் கதையை அவரே சொல்லிவிடுவார்.