மூன்று வருடம் தோளில் தொங்கிய தூண்டில் பை

தூண்டில் போட ஆரம்பித்த முதல் ஆறு மாதம் என்னிடம் பையே கிடையாது. ஒரு கையில் ராட் (தூண்டில் கம்பு), இன்னொரு கையில் பழைய பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் தூண்டில் முள், ஈயக்குண்டு, முறுக்கு விழாமல் சுழல்கிற ஸ்விவல், மிதவை எல்லாம் நரம்பில், அதாவது தூண்டில் நூலில், சிக்கி ஒரே குவியலாகக் கிடக்கும். மீன் கடிக்கிற நேரத்தில் பாதி அதைப் பிரிப்பதிலேயே போய்விடும். சரி, பை வாங்கலாம் என்று முடிவெடுத்தபோது இருந்த பணத்தை நரம்பு சுற்றுகிற ரீல் விழுங்கியிருந்தது. அதனால் கண்ணில் பட்டதிலேயே மலிவாக இரண்டு வாங்கினேன். முள், குண்டு மாதிரிச் சாமான்களைப் போட்டுத் தோளில் மாட்டுகிற டேக்கிள் பை ஒன்று, ராட் வைக்கிற நீளப் பை ஒன்று. மூன்று வருடமாக அவற்றோடுதான் அலைகிறேன். பாதி நாள் ஏரியும் ஆறும், மீதி நாள் கடலோரப் பாறை.

டேக்கிள் பை 600 டெனியர் பாலியெஸ்டர். அந்த எண்ணைப் பார்த்து நானும் மயங்கினேன். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன் என்று அர்த்தம், அவ்வளவுதான். நெசவு நெருக்கமா, தையல் உறுதியா என்பதெல்லாம் அதில் தெரியாது. ஆனாலும் துணியைக் குறை சொல்ல மாட்டேன். பாறையில் உராய்ந்து வெளுத்திருக்கிறது, அங்கங்கே முள் குத்திய ஓட்டை இருக்கிறது, எங்கும் கிழியவில்லை. போனதெல்லாம் துணியோடு ஒட்டியிருந்த சில்லறைச் சாமான்கள்தான்.

முதலில் போனது ஜிப். பல் பிளாஸ்டிக், ஆனால் அதன்மேல் ஓடுகிற ரன்னர் உலோகம். கடலுக்குப் போய்வந்து எட்டு மாதத்தில் பெயின்ட் உரிந்து, வெள்ளையாகப் பூத்து, பக்கவாட்டுப் பாக்கெட்டின் ரன்னர் அப்படியே இறுகிவிட்டது. விடியாத இருட்டில் இழுத்துப் பார்த்தேன், பல்லால் கடித்தும் இழுத்தேன். கடைசியில் கத்தியால் பாக்கெட்டை அறுத்துத்தான் முள் எடுத்தேன். பெரிய ஜிப் பிழைத்ததற்குக் காரணம் அதன் தரம் இல்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்ததும் பையை நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்தபின் ஜிப்பில் மெழுகுவத்தி தேய்க்க ஆரம்பித்தேன். அவ்வளவு சின்ன வேலை, முதல் நாளிலிருந்தே செய்திருக்கலாம்.

அடுத்தது உள்பூச்சு. இந்த மாதிரிப் பைகளில் உள்ளே பாலியூரிதேன் பூசியிருப்பார்கள். ஈரத்தோடு மூடி மூலையில் போட்டால் அந்தப் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து, அப்புறம் செதில் செதிலாக உரியும். இரண்டாவது வருடம், சாமான்களை அடுக்குகிற பிளாஸ்டிக் ட்ரேயை வெளியே எடுத்தால் அதன்மேல் பொடுகு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. லேபிளில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்தது வேறு விஷயம். தையல் ஊசி போன வழியெல்லாம் தண்ணீருக்கும் வழிதானே. தூறலுக்குத் தாங்கும், கொட்டுகிற மழைக்குத் தாங்காது.

இதையெல்லாம்விட நான் செய்த பெரிய தப்பு பையின் அளவு. டேக்கிள் பைகளை 3600, 3700 என்று இரண்டு ட்ரே அளவுகளை வைத்துத்தான் பெரும்பாலும் தைக்கிறார்கள். 3600 ஏறக்குறைய 28 செ.மீ. நீளம், 3700 ஏறக்குறைய 36. பெரியதாக இருந்தால் பின்னால் உதவும் என்று 3700 ட்ரே நான்கு கொள்கிற பையை வாங்கினேன். பாக்கெட் பதினொன்று. இடம் இருந்தால் நிரப்பத்தானே தோன்றும்? 100 கிராம் ஈயக்குண்டு பத்து எடுத்துப் போட்டால் அதுவே ஒரு கிலோ. ஒருநாள் பாறையில் இறங்கும்போது தோள்வாரின் பிளாஸ்டிக் கொக்கி படாரென்று உடைந்து, பை எனக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் எல்லாவற்றையும் தரையில் கொட்டி, கடந்த பத்து தடவையில் எதைத் தொட்டேன் என்று யோசித்தேன். இரண்டு சின்ன ட்ரேயில் அடங்கிவிட்டது. புதிதாக வாங்குகிறவர்கள் 3600 ட்ரே இரண்டு கொள்கிற பை வாங்கினால் போதும். உடைந்த கொக்கிக்குப் பதில் நாய்ச் சங்கிலிக் கொக்கி ஒன்றை மாட்டினேன். அது இன்னும் அசையவில்லை.

ட்ரே விஷயத்தில் ஒன்று. ரப்பர் மாதிரி வளைகிற சாஃப்ட் லூர்களை (செயற்கை இரைகளை) மலிவான ட்ரேயில் கலந்து போடாதீர்கள். அவற்றை மென்மையாக்கச் சேர்க்கிற பொருள் கசிந்து சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் லூர், ட்ரே, பக்கத்தில் இருந்த கட்டை லூரின் பெயின்ட் எல்லாம் உருகி ஒரே பசையாக இருந்தது. இப்போது அவை வந்த கவரிலேயே இருக்கின்றன. அதேபோல ஈர முள் ஒன்றைத் திரும்ப உள்ளே போட்டால் ட்ரே முழுக்கத் துரு பரவும்.

ராட் பைக்கு வருகிறேன். என்னுடையது இரண்டாகக் கழற்றுகிற 7 அடி ராட். ஒரு துண்டு ஏறக்குறைய 107 செ.மீ., பை 120. நீளத்தில் கணக்குச் சரி. ஆனால் ரீல் மாட்டியபடி வைத்தால் மூடவே முடியாது, அதற்குப் புடைப்பாக இடம் விட்டுத் தைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ரீலைக் கழற்று, மறுபடி மாட்டு, இருட்டில் நரம்பை ராட்டின் வளையம் ஒவ்வொன்றிலும் கோர். மூன்று வருடத்தில் என்னை அதிகம் எரிச்சலூட்டியது இதுதான். மெல்லிய பை வேறு, மேலே யாரோ மூட்டையை வைத்ததில் ராட்டின் நுனி ஒடிந்தது. அப்புறம் பிவிசி குழாய் ஒன்றை அளவாக வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, பைக்குள் செருகிவிட்டேன். ராட் துண்டுகள் இப்போது அதற்குள்தான்.

நாற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். இறால் இரையை ஒருமுறை பைக்குள் மறந்துவிட்டேன், நான்கு நாள். விவரிக்க வேண்டாம். மீன் வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உள்ளவை என்பதால் வினிகர் கலந்த தண்ணீர் நன்றாகக் கேட்கிறது. கையோடு நல்ல தண்ணீரிலும் அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் வினிகரே ரன்னரை அரித்துவிடும்.

நண்பனின் ஈவிஏ பையை (ஈவிஏ ஒருவகைப் பிளாஸ்டிக்) சில தடவை எடுத்துப்போனேன். தையல் இல்லாமல் ஒட்டிச் செய்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் முடிந்தது, வாடையும் தங்குவதில்லை. மடித்து வைக்க முடியாது, விலையும் கூட. கடலுக்கு மட்டுமே போகிறவராக இருந்தால் கொஞ்சம் காத்திருந்து அதை வாங்கலாம். ஏரிக்கும் ஆற்றுக்கும் என் பை மாதிரியே போதும், அளவில் பாதியாக.

பழைய பை இன்னும் என்னோடுதான் வருகிறது. அறுத்த பாக்கெட்டில் கை துடைக்கிற துணியை வைத்திருக்கிறேன். அதற்கு ஜிப் தேவைப்படவில்லை.