எம்பரிவாகனா, டிஜிலாக்கரா: இன்ஷூரன்ஸ் ஃபைனுக்கு எது கைகொடுக்கும்?

வண்டியை ஓரங்கட்டி இன்ஷூரன்ஸ் கேட்டால் காட்டுவதற்கு மத்திய அரசின் எம்பரிவாகன் செயலி போதும். மின்னணு ஆவணத்தை மத்திய மோட்டார் வாகன விதி 139 ஏற்கிறது. 'விர்ச்சுவல் ஆர்.சி.'யைத் திறந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி, பாலிசி எண், எந்தத் தேதி வரை என்பதெல்லாம் வந்துவிடும். இந்த வேலைக்கு முழு மார்க் தரலாம்.

சலான் விழுந்த பிறகு இதே செயலி பாதிதான் உதவும். அது காட்டுவது முடிவுத் தேதியை. சலானை எதிர்க்கும்போது நிரூபிக்க வேண்டியதோ, போலீஸ் பிடித்த நேரத்தில் பாலிசி நடப்பில் இருந்தது என்பதை. காலையில் மாட்டிவிட்டு மாலையில் பாலிசி போட்டவருக்கும் செயலியில் அடுத்த வருடத் தேதிதான் வரும்; அதை வைத்து வாதாட முடியாது. பாலிசி பி.டி.எஃப்.பில் காப்பீட்டுக் காலம் எங்கே அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். தொடங்கும் தேதியோடு மணியும் இருக்கும். இணைக்க வேண்டிய பக்கம் அதுதான்.

ரினிவல் செய்தும் பழைய தேதியே காட்டுகிறதா? கம்பெனி அனுப்பும் விவரம், வண்டிப் பதிவுகளை வைத்திருக்கும் அரசின் 'வாகன்' தரவுத்தளத்தில் ஏறினால்தான் செயலிக்கு வரும். சேசிஸ் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் சிக்கல். கார் சேசிஸ் எண்ணில் ஆங்கில 'ஓ' வரவே வராது. பூஜ்ஜியத்துக்குப் பதில் அதைத் தட்டியிருந்தால் தப்பு பாலிசியில்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டாம், இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தம்) கேளுங்கள்.

இன்னொரு குழப்பம். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு 3 வருடம், பைக்குக்கு 5 வருடம் தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு) சேர்த்தே வருகிறது. ஓன் டேமேஜ் (நம் வண்டிச் சேதத்துக்கான காப்பீடு) ஒரு வருடத்தில் முடிந்திருந்தால், அந்தத் தேதியைப் பார்த்து போலீஸ் இன்ஷூரன்ஸே இல்லை என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. சட்டம் கேட்பது தேர்ட் பார்ட்டியை மட்டும். அது உயிரோடு இருந்தால், இன்ஷூரன்ஸ் இல்லாததற்குத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 196 பொருந்தாது.

அரசின் ஆவணப் பெட்டகச் செயலியான டிஜிலாக்கர் எனக்கு இரண்டாம் இடம்தான். ஆதாரில் உள்ள பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் ஆவணம் வராது. இனிஷியல் வைக்கும் நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தீராத தலைவலி. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றிய பாலிசிக்கும் அசல் என்ற மதிப்பு கிடையாது. 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' பகுதியில் இருப்பதற்கே அந்த மதிப்பு.

இன்ஷூரன்ஸ் இல்லாததற்கு முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000. பாலிசி இருந்தும் சலான் வந்தால் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதியில் பி.டி.எஃப்.பை இணைத்து அனுப்புங்கள். சலான் வழக்கை ஆன்லைனிலேயே முடிக்கும் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தால் 'எதிர்க்கிறேன்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் வழக்கு வழக்கமான கோர்ட்டுக்கு மாறும், நேரில் போக வேண்டிவரும். அதற்குள் புகாரிலேயே முடித்துக்கொள்வது நல்லது. புகார் கொடுத்ததும் வரும் டிக்கெட் எண்ணைக் குறித்துவையுங்கள், நிலவரம் பார்க்க அதைத்தான் கேட்கும்.