ரோம் லார்கோ அர்ஜெந்தீனா: கீழே இறங்கினால்தான் காசுக்குப் பலன்

பாலக்காட்டுக் கோட்டை அகழியைக் கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு டீக்கடைக்கு நகர்கிற கூட்டம் ரோம் நகர நடுவிலுள்ள லார்கோ அர்ஜெந்தீனா சதுக்கத்திலும் உண்டு. நெடும்பாசேரியில் விமானம் ஏறி ரோம் வரை போகிற சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம்.

சுற்றிலும் பஸ்ஸும் டிராமும் ஓட, ரோட்டைவிடத் தாழ்ந்த குழிக்குள் நான்கு பழங்கால ரோமானியக் கோயில்கள். 1920களின் பிற்பகுதியில் பழைய கட்டடங்களை இடித்தபோது வெளிவந்தவை. மேலிருந்து பார்க்கக் காசில்லை. கீழே நடைபாதை 2023 ஜூனில்தான் திறந்தது. அப்போது டிக்கெட் 5 யூரோ. திங்களன்று மூடியிருக்கும். லிஃப்ட் இருப்பதால் வயசானவர்களையும் தாராளமாகக் கூட்டிப் போகலாம்.

அந்த 5 யூரோவுக்கு முதல் பலன், வட்டக் கோயிலின் தூண்கள். கி.மு. 101இல் ஜெயித்த போருக்கு நேர்த்திக்கடனாகக் கட்டியது. பக்கத்தில் போனால் பொத்தல் பொத்தலான எரிமலைக் கல், டூஃபா. நம்ம வெட்டுக்கல் மாதிரி வெட்ட லேசு, மழைக்கு அரிக்கும். அதனால்தான் மேலே சுண்ணச்சாந்து பூசிப் பளிங்காகக் காட்டினார்கள். அந்தப் பூச்சு இன்னும் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது.

அடுத்து தரையைப் பாருங்கள். தீப்பிடித்த பிறகு மேடுதட்டி மறுபடி கல் பாவியதால் கோயில் படிகள் பாதி புதைந்து கிடக்கும். காலடியில் தெரிகிற தளம் கி.பி. 80 தீக்குப் பின் போட்டது. ஓரத்துக் கோயிலுக்குள் பிற்காலத்தில் ஒரு தேவாலயமே எழுந்தது. அதன் சுவர் வளைவு நிற்கிறது. நான்காவது கோயில் பெரும்பாலும் ரோட்டுக்கு அடியில்தான், அதைத் தேடி அலைய வேண்டாம்.

சீசர் குத்துப்பட்ட இடம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். கி.மு. 44இல் அது நடந்தது, பாம்பே என்ற ரோமானியத் தளபதி கட்டிய, செனட் கூடிய மன்றத்தில்; அதில் மிச்சம், கோயில்களுக்குப் பின்னால் ஒரு டூஃபா அடித்தளம், அவ்வளவே. உடலை எரித்தது ரோமின் பழைய பொதுச் சதுக்கமான ஃபோரத்தில். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

குறை? நிழலே இல்லை. ஜூலை மத்தியானம் கல்லிலிருந்து அனல் அடிக்கும், காலையிலேயே போய்விடுங்கள். தூண்மேல் படுத்திருக்கும் பூனைகளுக்குத் தனிக் காப்பகமே அந்த மூலையில் இருக்கிறது, பார்க்க இலவசம். டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து 64ஆம் நம்பர் பஸ் வரும். ஜேப்படிக்குப் பேர்போன வண்டி, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.