சயான் பூங்கா ஆற்றில் இறங்க வாடகை ஷூ தேவையா?

"தண்ணிக்குள்ள நடக்க எதுக்கு வாடகைக்கு ஷூ? இருக்கறதையே போட்டுக்கலாம்" என்றார் எங்க வீட்டுக்காரர். தாமிரபரணியில் வெறுங்காலோடு குதித்து வளர்ந்தவர், அவருக்கு அப்படித்தான் தோன்றும். ஷூ, சாக்ஸ், கம்பு மூன்றும் சேர்ந்து ஒருவருக்கு வரியோடு 35 டாலர் சொச்சம். நான்தான் பிடிவாதமாக எடுத்தேன்.

போனது செப்டம்பர் கடைசியில், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் சயான் தேசியப் பூங்காவுக்கு, பள்ளத்தாக்கில் ஆற்றுக்குள்ளேயே நடக்க. லாஸ் வேகாஸில் இறங்கி இரண்டரை மணி நேரம் கார். வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்டில் மூன்று ராத்திரி டென்ட். ஆறு மாதம் முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடும், அன்றைக்கே உட்கார்ந்து பிடித்தோம். கழிப்பறையும் குடிதண்ணீர்க் குழாயும் உண்டு, குளிக்க இடம் கிடையாது. தரை இறுகிப்போன சரளை. டென்ட் முளையைக் கல்லால் அடித்ததில் இரண்டு வளைந்தே போயின. ஆனாலும் மறுபடி அங்கேதான் தங்குவேன். சீசனில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் காரை விடுவதில்லை, இலவச ஷட்டில் பஸ்தான். 2000-லிருந்து இதே ஏற்பாடு. அந்த பஸ் நிறுத்தத்துக்கு டென்ட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

வாடகைக் கடை, பூங்கா வாசலுக்கு வெளியே ஸ்பிரிங்டேல் ஊரில். முந்தின நாள் சாயங்காலமே சாமான்களை வாங்கிவிட்டோம். கணுக்கால்வரை மூடும் ஷூ, முன்பக்கம் தடித்த ரப்பர். உள்ளே நியோப்ரீன் என்கிற ரப்பர் துணியில் சாக்ஸ். தோள் உயரத்துக்கு ஒரு மரக்கம்பு. ஷூவை மாட்டிவிட்டு, அங்கிருந்த பையன் மரப்பலகையைக் காட்டி "உதையுங்கள்" என்றான். உதைத்தேன், பெருவிரல் முட்டியது. உடனே ஒரு சைஸ் பெரிதாக மாற்றிக் கொடுத்தான். அந்தப் பொறுமைக்கே ஒரு நட்சத்திரம் தரலாம்.

மறுநாள் காலை பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, நல்ல பாதையில் ஒரு மைல் நடந்தோம். பாதை ஆற்றில் போய் முடிகிறது. அப்புறம் வர்ஜின் ஆறுதான் பாதை. தண்ணீருக்கு அடியில் உரித்த தேங்காய் அளவிலும் உரல் அளவிலும் உருண்டைக் கற்கள், மேலே பாசி. கல்லின் தலையில் கால் வைத்தால் வழுக்கும், இரண்டு கல்லுக்கு நடுவில் வைக்க வேண்டும். அப்படி வைக்கும்போது விரல் நுனி கல்லில் இடித்துக்கொண்டே இருக்கும். நூறு தடவையாவது இடித்திருப்பேன், ஒன்றும் ஆகவில்லை. எதிரே ஓட்டப் பயிற்சி ஷூவில் வந்த ஒருவர் நொண்டிக்கொண்டே போனார். சாக்ஸ் தண்ணீரைத் தடுக்காது. முதல் ஐந்து நிமிடம் ஜில்லென்று ஏறும், அப்புறம் உள்ளே போன தண்ணீரே உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும்.

உண்மையில் காசுக்குப் பெறுமானமுள்ளது கம்புதான். தண்ணீர் வரும் பக்கமாக அதை ஊன்றி, சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வைக்க வேண்டும். இடுப்பளவு ஆழம் வந்த இடத்தில், வாடகையைக் கிண்டல் செய்தவர் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, நீ மெதுவா வா" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

ஆற்றின் ஓட்டத்தை இங்கேயும் கன அடியில்தான் சொல்கிறார்கள், மேட்டூர் செய்தியில் வருகிற அதே கன அடி. மேட்டூரில் ஆயிரக்கணக்கில் கேட்டுப் பழகிய காதுக்கு 150 என்பது சிரிப்பாக இருக்கும். ஆனால் இங்கே 150-ஐத் தாண்டினால் ஆற்றை மூடிவிடுவார்கள். நாங்கள் போன அன்று 50-ஐ ஒட்டி ஓடியது, அதற்கே அந்தக் கம்பு வேண்டியிருந்தது. மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும், குற்றாலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அன்றன்றைய வெள்ள எச்சரிக்கையைக் கடையிலேயே எழுதிப் போடுகிறார்கள். தண்ணீரில் நச்சுப் பாசி இருப்பதால் குடிக்கக் கூடாது, வடிகட்டினாலும் ஆகாது, முகம்கூடக் கழுவ வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். ஆற்றைக் கண்டால் முகம் கழுவுகிற மனிதரைத் தடுப்பதே எனக்கு வேலையாகப் போயிற்று.

ஆர்டர்வில் ஓடை வந்து சேரும் இடத்தைத் தாண்டினால் 'வால் ஸ்ட்ரீட்'. இரண்டு பக்கமும் ஆயிரம் அடிக்குச் செங்குத்தான பாறை, நடுவில் ஆறு சில இடங்களில் இருபது முப்பது அடி அகலம்தான். வெயில் உள்ளே இறங்குவதே அபூர்வம். யாரோ இருமினால் அது சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. நாங்கள் இருவரும் அரைமணி நேரம் பேசவில்லை, வீட்டில் இது நடக்காத காரியம். பல் கிட்டியபோதுதான், கடையில் நீட்டிய நனையாத பேன்ட்டை வேண்டாம் என்றது நினைவுக்கு வந்தது. செப்டம்பரில் சமாளிக்கலாம், அக்டோபர் என்றால் எடுத்துவிடுங்கள்.

இனி குறை. தண்ணீர் புகாத பை என்று 8 டாலருக்குத் தனியாக ஒன்று கொடுத்தார்கள். அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல், மேலே பழைய டேப். மாற்றுச் சட்டை, துண்டு, ஜாக்கெட் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்தன. புளியோதரை கிளிப் போட்ட எவர்சில்வர் டப்பாவில் இருந்ததால் தப்பித்தது. திருப்பிக் கொடுக்கும்போது கிழிசலைக் காட்டினேன். கல்லாவில் இருந்தவர் "கல்லில் உரசியிருக்கும்" என்றார். டேப் எப்போது ஒட்டியது என்று கேட்டதும் பதில் இல்லை, பணமும் வரவில்லை. வாங்கும்போதே பையின் வாயைச் சுருட்டி அமுக்கிப் பார்த்திருந்தால் காற்று போவது தெரிந்திருக்கும்.

கோபம் இருந்தாலும் மூன்றாம் நாள் அதே கடைக்குத்தான் போனோம். "ஷூவும் கம்பும் மட்டும் போதும்" என்று பேசியது எங்க வீட்டுக்காரர். பைக்குப் பதில் கறுப்புக் குப்பை உறை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டிக்கொண்டோம். துண்டு நனையவில்லை.