வைகாசியோடு புல்வெட்டை நிறுத்துவதா, கோடை முழுதும் நீர் இறைப்பதா?

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவினர்கள் ஐப்பசி பிறந்ததும், "இந்த வருசத்துப் புல்லுவெட்டு முடிஞ்சுது" என்று தொலைபேசியில் சொல்லும்போது, மட்டக்களப்புக் கல்லடியில் என் வளவுப் புல் அப்போதுதான் முதல் மழையைக் குடித்துத் தலையெடுத்துக்கொண்டிருக்கும். அங்கே புல்லை நிறுத்துவது குளிர். மண்ணின் வெப்பநிலை 5, 6 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் அந்நாட்டுப் புல்வகைகளின் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடுகிறது. அதன் பிறகு இயந்திரத்தைத் துடைத்து வைத்துவிடலாம். மட்டக்களப்பிலோ தை மாதத்து இரவும் பெரும்பாலும் 22, 23 பாகைக்குக் கீழே போவதில்லை. நம் அறுகு 27 முதல் 35 பாகை வரையான சூட்டிலேதான் செழித்து வளர்வது. ஆகவே குளிரை எதிர்பார்த்து எழுதப்பட்ட எந்த அட்டவணையும் நமக்குப் பயன்படாது.

நமக்கு வெட்டு ஆண்டில் இரண்டு முறை நிற்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை, ஆண்டு மழையின் பாதிக்கும் மேல் கொட்டித் தீர்க்கிற மாரியில், முற்றத்தில் நீர் கட்டி நிற்க, இயந்திரத்தின் சில்லு சேற்றில் புதைகிறது. அந்த நிறுத்தத்தில் நாம் தீர்மானிக்க ஒன்றுமில்லை. நீர் வடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பொங்கலுக்குப் பின் பங்குனி வரையும் ஈரமும் வெயிலும் ஒன்றாய்க் கிடைப்பதால் பத்து நாளுக்கொரு தடவை வெட்ட வேண்டியிருக்கும். சித்திரை கழிந்து கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கும்போதுதான் உண்மையான கேள்வி எழுகிறது.

அப்போது நம் ஊரில் மூன்று வழிகளைப் பார்க்கிறேன். கிணற்றிலிருந்து இறைத்து, கோடை முழுதும் பச்சையாக வைத்து வெட்டிக்கொண்டிருப்பது ஒன்று. வைகாசியில் மண் தெரிய வழித்துவிட்டு ஐப்பசிவரை மறந்துவிடுவது மற்றொன்று. கடைசி வெட்டை உயர்த்தி வெட்டி, புல்லை உறங்க விடுவது, அதாவது மேலே காய்ந்தாலும் அடித்தண்டு உயிரோடு கிடக்க விடுவது மூன்றாவது. மாட்டைக் கட்டி மேய விடுவதையும் சிலர் சொல்வர். ஈரமுள்ள மாசி, பங்குனியில் அது நல்லதே, காய்ந்த புல்லில் குளம்பு பட்டால் குருத்து நொறுங்கிவிடும்.

நீர் இறைப்பவர்களின் கணக்கை முதலில் பார்ப்போம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் நீர் என்பது ஒரு லீற்றர். கோடையில் புல் வளர்ந்துகொண்டேயிருக்க வாரத்துக்கு ஏறக்குறைய 25 மில்லிமீற்றர் தேவை என்று கொண்டால், 100 சதுர மீற்றர் முற்றத்துக்கு வாரம் 2,500 லீற்றர். ஜூன் தொடங்கிச் செப்டெம்பர் முடியும்வரையான 17 வாரங்களுக்கு 42,500 லீற்றர், அதாவது 1,000 லீற்றர்த் தாங்கிகள் நாற்பத்திரண்டரை. நம் கரையோர மணலில் அந்த நீர் தங்குவதும் இல்லை. அதைவிடப் பெரிய கவலை கிணறு. கல்லடியிலிருந்து கல்முனை வரை கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணற்றிடலில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. கோடையில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். குடிக்கவும் குளிக்கவும் உள்ள நீரைப் புல்லுக்கு ஊற்றிக் கிணற்றைக் கெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வழித்து வெட்டுவதற்கு ஒரு நியாயம் உண்டு. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வருகிறது, சடங்கின் நிறைவான குளிர்த்திக்கு முன் வீடு வாசல் துப்புரவாக்குகிறோம், பாம்புக்கு அஞ்சுகிறோம். நானும் முன்பு அப்படித்தான் தோளில் மாட்டும் இயந்திரத்தால் வழித்தெடுத்தேன். அந்த ஆண்டு ஆடிக்குள் முற்றத்தின் கிழக்குப் பக்கம் வெறும் மணலாகி, கச்சான் அதை வாரி விறாந்தையில் கொட்டியது. புல் போன இடத்தை நெருஞ்சியும் கோரையும் பிடித்தன. வெயில் நேராக மண்ணில் விழும்போது வேர் சுடுபடுகிறது, இலை இல்லாத செடி கோடைக்கான சேமிப்பையும் சேர்க்க முடிவதில்லை. பாம்புப் பயத்துக்கு வீட்டைச் சுற்றி இரண்டு மீற்றர் அகலத்தில் மட்டும் ஒட்ட வெட்டினால் போதும்.

மூன்றாவது வழியையே நான் இப்போது பின்பற்றுகிறேன். திகதியைப் பார்ப்பதில்லை; மிதித்த கால் தடம் நிமிராமல் கிடப்பதும், இலை சுருண்டு சாம்பல் நீலம் தட்டுவதும் தெரிந்தால் வளர்ச்சி நிற்கப்போகிறது என்று பொருள். அதற்குச் சற்று முன்னதாக 50, 60 மில்லிமீற்றர் உயரம் விட்டு, இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், ஒருமுறை வெட்டி நிறுத்துகிறேன். பிறகு மூன்று வாரத்துக்கொரு தடவை 10 மில்லிமீற்றர், அதாவது ஒரு தாங்கி நீர், மாலையில் விடுகிறேன். முழுக் கோடைக்கும் ஆறு தாங்கி.

சென்ற ஆடியில் அயல்வீட்டுப் பெரியம்மா வேலிக்கு மேலால் பார்த்து, "புல்லெல்லாம் செத்துப்போயிற்று மனே, கொத்திப்போட்டு வேற நடுங்க" என்றார். மண்வெட்டியால் ஒரு பிடி கெல்லி அவரிடம் நீட்டினேன். மேலே வைக்கோல் நிறம். நான்கு விரல் ஆழத்தில் வெள்ளைத் தண்டு, நகத்தால் கீறியதும் ஈரம் கசிந்தது, கணுவில் ஊசி முனையளவு முளை இருந்தது.

ஆனால் இது அறுகுக்குத்தான் பொருந்தும். நாற்றுமேடைகளில் மலேசியன் புல் என்ற பெயரில் தட்டுத் தட்டாக வாங்குகிற அகன்ற இலைப் புல்லின் தண்டு நிலத்தின் மேலேயே ஓடுவது. வேரும் ஆழமில்லை, உவரையும் தாங்காது. மாமர நிழலில் அறுகு நிற்காத இடத்தில் அது அழகாகப் படரும் என்பது உண்மை. வெட்டவெளியில் அதை நட்டவர் கோடை முழுதும் இறைக்கவேண்டும், இல்லையேல் மாரிக்கு மாரி புதிதாக வாங்கவேண்டும். உங்கள் முற்றத்தில் ஏற்கெனவே அது இருந்தால் நிழலுள்ள பகுதியை மட்டும் காப்பாற்றி, வெயில் விழும் பகுதியை ஐப்பசியில் அறுகுக்கு மாற்றுவதே என் பரிந்துரை.

முதல் மழை விழுந்ததும் இயந்திரத்தை எடுக்கவேண்டாம். உறங்கியெழும் புல் தன் சேமிப்பைச் செலவழித்தே முதல் இலையை விடுகிறது. புதிய பச்சை பழைய வைக்கோலுக்கு மேலே வந்து, கையால் இழுத்தால் பிடுங்குப்படாத நிலைக்கு வந்த பின், மாரி நீர் கட்டுவதற்கு முன் கிடைக்கிற ஒரு காய்ந்த நாளில், அதே உயரத்தில் ஒரு தடவை வெட்டி, சருகை வாரித் தென்னைக்கு அடியில் போடுங்கள்.