டீமன் ஸ்லேயர் 17வது எபிசோட்: அழுமூஞ்சிக்கு வந்த நாள்

உண்மைய சொல்லிடறேன், டீமன் ஸ்லேயர்ங்கற ஜப்பானிய அனிமே தொடர்ல பேய வெட்டற வாள் வீரனா வர்ற ஜெனிட்சுவ எனக்கு ஆரம்பத்துல சுத்தமா பிடிக்கல. ஹீரோ டான்ஜிரோவ வச்சு சீரியஸா போயிட்டிருந்த கதைல இவன் பாட்டுக்கு வந்து செத்துடுவேன் செத்துடுவேன்னு கத்திக்கிட்டே இருப்பான், ஹெட்செட் போட்டு பாத்தா காது போச்சு. எல்லாரும் 19வது எபிசோடையே தூக்கி வச்சு ஆடறாங்க, ஆனா 2019 ஜூலைல வந்த இந்த 17 தான் என்னோட ஃபேவரைட், அதுவும் அந்த கத்தலுக்காகவே.

பேய்ங்க இருக்கற நடகுமோ மலை அடிவாரத்துல ஜெனிட்சு பயந்து உக்காந்து குருவிகிட்ட புலம்பிட்டு இருக்கான், டான்ஜிரோ தன் தங்கச்சி நெசுகோவையும் மலைக்கு தூக்கிட்டு போய்ட்டான்னு ஞாபகம் வந்ததும் அழுதுக்கிட்டே உள்ள ஓடறான். அங்க மனுஷ மூஞ்சி வச்ச சிலந்திங்க. அதுங்களுக்கு தலைவனா இருக்கற பேய் ஒரு வாட்ச காட்டி, சிலந்தி கடிச்ச விஷம் ஏற ஏற முள்ளு இங்க வந்தா கை கால் மரத்துப்போகும், இங்க வந்தா வாந்தி வரும்னு டாக்டர் மாத்திரை எழுதிக் குடுக்கற மாதிரி சொல்லுது பாருங்க, கொடூரம்தான், ஆனா சிரிப்பு வந்துடுச்சு. இவன் மரத்துல ஏறி உக்காந்து ஒப்பாரி. முடி கொத்தா கைல வருது. அங்கயே மயக்கம்.

மயங்கினாதான் இவன் வேற ஆள்னு நமக்கு முன்னாடியே தெரியும், அந்த மத்தள வீட்டுல தூக்கத்துல பேய வெட்டிட்டு கூட இருந்த சின்னப் பையன்தான் வெட்டினான்னு நம்புவானே, அதே காமெடிதான். ஆனா இங்க அதுக்குள்ள இவன் குருவான ஜிகோரோ தாத்தாவ பிளாஷ்பேக்ல கொண்டு வர்றாங்க. ஒரு பொண்ணு ஏமாத்துனதால இவனுக்கு வந்த கடன அடைச்சு கூட்டிட்டு வந்து வளத்தவரு. அவரோட ஆறு வாள் வித்தைல ஒண்ணுதான் இவனுக்கு வருது, பேயும் அத கண்டுபிடிச்சு நக்கல் அடிக்குது, தாத்தாவோ அழு, ஓடு, பரவால்ல, ஆனா விட்டுடாதங்கறாரு, அந்த ஒண்ணையே அடிச்சு அடிச்சு கத்தியாக்குங்கறாரு. அதே ஒரே வித்தை ஆறு தடவ மின்னலா பாயுதே, இந்த அனிமேய எடுத்த யூஃபோடேபிள் ஸ்டூடியோகாரங்க அந்த மஞ்சள் வெளிச்சத்துல கை வச்சாங்க பாருங்க, அப்பாடா! முன்ன தாத்தாகிட்ட கத்துக்கிட்டிருந்தப்போ மரத்துல தொங்கிட்டு அழும்போது இடி விழுந்துதான் இவன் முடி மஞ்சளாச்சுங்கறதும் இங்கதான் வருது. காமெடி சீன்தான், ஆனா அதுக்கப்புறம் அவன் தலைய பாத்தா சிரிப்பு வரல.

குறைன்னா, வெட்டப் போற நேரத்துல பிளாஷ்பேக்க நுழைச்சு கொஞ்சம் இழுத்துட்டாங்க. நெசுகோ பேர சொல்லி வழியறதும் ஓவர்.

ஜப்பானிய ஆடியோலயே பாருங்க. ஜெனிட்சுவுக்கு குரல் குடுத்து அவ்ளோ நேரம் தொண்டை கிழிய கத்தின ஹிரோ ஷிமோனோ, தூங்கினதும் குரல அப்படியே கீழ இறக்கி மூச்சு மட்டும் விடுவாரு. நான் ரெண்டு தடவ ரீவைண்ட் பண்ணேன்.